ஆல்பரியில் இறங்கி மாறணும்: குடால் கோப்பையின் வழியில் ஐந்து நாள்

ஜூலை 10, வியாழன். மெல்போர்ன்

விமான நிலையத்தில் முதல் விசாரணை கடலை மிட்டாய்க்கு. உணவுப் பொருள் கொண்டு வந்திருக்கிறேன் என்று படிவத்திலேயே எழுதியிருந்தேன். அதனால் தனி வரிசை. அங்கிருந்த அதிகாரிப் பெண் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பால் சேர்த்திருக்கா, விதை முளைக்குமா?" என்று கேட்டார். வறுத்த கடலையும் வெல்லப்பாகும்தான் என்றேன். சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார். கோவில்பட்டியிலிருந்து 2 கிலோ கொண்டு வந்திருந்தேன். அதில் ஒரு துண்டு கூடக் குறையாமல் வெளியே வந்தது பெரிய நிம்மதி.

வெளியே அக்கா மகன் நின்றுகொண்டிருந்தான். "சித்தி, ஸ்வெட்டர் மட்டும் போதாது" என்று சொல்லி, தன் தடித்த கோட்டை என் தோளில் போட்டான். காலை 7 மணிக்கு 6 டிகிரி. வெயில் அடித்தது, பத்து நிமிஷத்தில் தூறியது, அப்புறம் மறுபடி வெயில். ஒரே நாளில் நாலு பருவம் வரும் ஊர் என்று இவர்களே சொல்லிக்கொள்கிறார்கள்.

நான் ஏன் வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டியில் 31 வருஷம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தேன். அந்த ஊரில் பிள்ளைகள் நடக்கத் தொடங்கியதும் கையில் ஹாக்கி மட்டை வந்துவிடும். லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பை நடக்கும் நாட்களில் டீக்கடையில் வேறு பேச்சே இருக்காது. போன வருஷம் அக்கா மகன் போன் செய்தான். "சித்தி, இங்க உங்க ஹாக்கியை ஐஸ் மேல ஆடுறாங்க. நானும் சேந்துட்டேன். விக்டோரியாவும் நியூ சவுத் வேல்ஸும் 1909-லேர்ந்து இதுல மோதிக்கிட்டிருக்காங்க, தெரியுமா?" எனக்குத் தெரியாது. ஆஸ்திரேலியா என்றால் எனக்கு பெர்த் மைதானமும், நம்மைத் தோற்கடித்த அவர்களின் ஹாக்கி அணியும்தான். விக்டோரியாவுக்கு மெல்போர்ன் தலைநகர், நியூ சவுத் வேல்ஸுக்கு சிட்னி. பனியே விழாத இந்த நகரங்களில் நூறு வருஷத்துக்கு மேலாக ஐஸ் ஹாக்கியா என்று தேட ஆரம்பித்தேன். பழைய செய்தித்தாள்களை அவர்களின் தேசிய நூலகம் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. அதில் பல இரவுகள் போயின. கடைசியில் பணிக்கொடைப் பணத்தில் டிக்கெட் எடுத்துவிட்டேன். இரண்டு மாநிலமும் மோதிய அந்தத் தொடருக்குக் குடால் கோப்பை என்று பெயர். அது முதலில் நடந்த இரண்டு இடங்களிலும் நிற்க வேண்டும், நடுவில் உள்ள தூரத்தை அவர்கள் காலத்தைப் போல ரயிலில் கடக்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

இரவு அவன் வைத்த ரசமும் முட்டைக் கோஸ் பொரியலும். கண் சொக்குகிறது.

ஜூலை 11, வெள்ளி. மெல்போர்ன்

காலையில் யார்ரா ஆற்றின் தென்கரைக்குப் போனோம். பிரின்சஸ் பாலத்தைத் தாண்டியதும் சிட்டி ரோடு. இந்தச் சாலையில்தான் 1906 ஜூன் 9 அன்று கிளாசியேரியம் என்ற உள்ளரங்கப் பனித்தளம் திறக்கப்பட்டது. அதைக் கட்டியவர் ஹென்றி நியூமன் ரீட். குளிர்பதனத் தொழில் தெரிந்தவர். இரண்டு வருஷம் முன்பே, 1904-இல், அடிலெய்டில் நாட்டின் முதல் பனித்தளத்தை நிறுவிப் பார்த்துவிட்டு இங்கே வந்தார். தரைக்கடியில் குழாய்களைப் பதித்து, உறையாத உப்புநீரைக் கடுங்குளிராக்கி அவற்றில் ஓடவிட்டு, மேலே ஊற்றிய தண்ணீரைக் கட்டியாக்கும் வேலை. ரிங் என்று சொல்லும் இன்றைய பனித்தளங்களுக்கும் அதே தத்துவம்தான்.

திறந்து ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகியிருக்கும். துறைமுகத்துக்கு பால்டிமோர் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வந்திருந்தது. ஜூலை 17 அன்று அந்தக் கப்பலின் மாலுமிகளுக்கும் விக்டோரியக்காரர்களுக்கும் ஆட்டம் வைத்தார்கள். 1-1, சமன். இந்த நாட்டு ஐஸ் ஹாக்கியின் கதை அந்த ஆட்டத்தில் தொடங்குகிறது. ஐஸ் ஹாக்கியில் இன்று பந்துக்குப் பதில் ஒரு ரப்பர் தட்டைத்தான் அடிக்கிறார்கள். ஆரம்ப காலத்தில் அது கூடக் கிடையாது, பந்துதான். அதைப் படித்தபோது எனக்கு மனசுக்குள் ஒரு உரிமை வந்துவிட்டது. நம் ஆட்டம்தானே அது, தரை மட்டும்தான் வேறு.

இப்போது அங்கே என்ன இருக்கிறது? உயரமான கண்ணாடிக் கட்டடங்கள், கார்கள், காற்று. கட்டடங்களுக்கு நடுவே அந்தக் காற்று சுழன்று வந்து குடையை மடக்கிவிட்டது. கம்பி இரண்டு முறிந்தது. கிளாசியேரியம் 1957-இல் மூடப்பட்டது. ஏதாவது கல்வெட்டு இருக்குமா என்று சாலையின் இரண்டு பக்கமும் முக்கால் மணி நேரம் நடந்தோம். என் கண்ணில் எதுவும் படவில்லை. ஒரு காபிக் கடையில் ஒதுங்கினோம். ஒரு காபி 5 டாலர் 50 சென்ட். அங்கே வேலை செய்த பையனிடம் விசாரித்தேன். அவன் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் வரிசையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து மேசைக்கே வந்து, தன் போனில் பழைய படத்தைத் தேடி எடுத்து, "இதுவா? நான் தினமும் இதன் மேலதான் நிக்கிறேனா?" என்று கேட்டான். இரண்டாவது காபிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டான்.

மதியம் சவுத் மெல்போர்ன் சந்தை. டிம் சிம் என்று ஒன்று, மெல்போர்ன் சீனர்கள் உண்டாக்கிய பண்டமாம். நம் கொழுக்கட்டையைக் கொஞ்சம் பெரிதாகப் பிடித்துக் கறியும் கோஸும் வைத்தது போல இருக்கும். வேகவைத்ததும் பொரித்ததும் உண்டு. பொரித்ததன் மேல் சோயா ஊற்றித் தாள் பையில் போட்டுத் தருகிறார்கள். நின்றுகொண்டேதான் தின்ன வேண்டும். ஒன்றே வயிற்றை நிரப்பிவிட்டது.

இரவுதான் முக்கியம். அக்கா மகனின் ஆட்டம் டாக்லாண்ட்ஸ் பகுதியில் உள்ள ரிங்கில், இரவு பத்தேகாலுக்கு. நகர மையத்திலிருந்து அங்கு வரை டிராம் இலவசம். ஏனடா இந்த நேரத்தில் என்று கேட்டேன். பகலில் பனிச்சறுக்கு கற்பவர்களும் பொதுமக்களும், மாலையில் பிள்ளைகளும் பெரிய அணிகளும், மிச்சம் இருக்கும் நேரம் வேலைக்குப் போகிறவர்களுக்கு. பனித்தளம் குறைவு, ஆடுகிறவர்கள் அதிகம். இவர்களாகவே பணம் கட்டி நேரம் வாங்குகிறார்கள். "வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்?" என்றேன். "அம்மாகிட்ட சொல்லாதீங்க சித்தி" என்றான்.

உள்ளே நுழைந்ததும் ஈரக் கம்பளி வாசமும் ரப்பர் வாசமும் கலந்து அடித்தன. தட்டை என் கையில் கொடுத்தான். கறுப்பு ரப்பர், உள்ளங்கை அகலம், விரல் தடிமன். 170 கிராம் இருக்கும் என்றான். நம் ஹாக்கிப் பந்தும் ஏறக்குறைய அதே எடைதான், 160 கிராம் அளவு. கண்ணை மூடிக்கொண்டு கையில் ஏந்தினேன். கை அந்தக் கனத்தை உடனே கண்டுகொண்டது.

ஆட்டம் தொடங்கியதும் முதலில் எனக்குத் தெரிந்தது சத்தம்தான். தரை ஹாக்கியில் ஓடுகிறவர்களின் காலடி உங்களுக்குக் கேட்காது. இங்கே ஒவ்வொரு திருப்பத்திலும் இரும்பு பனியைச் சீவுகிற சரக் சரக் ஓசை. தளத்தைச் சுற்றியுள்ள தடுப்புப் பலகையில் தட்டு மோதினால் வெடி வெடித்தது போல. ஒருவர் முக்கால் நிமிஷம், ஒரு நிமிஷம்தான் ஆடுகிறார், அப்புறம் தடுப்பைத் தாண்டிக் குதித்து வெளியே. அடுத்தவர் உள்ளே. அதற்குமேல் மூச்சு தாங்காது. தட்டை விட்டுவிட்டு ஆளைப் பார்க்கப் பழக எனக்கு இரண்டாம் பகுதி வரை ஆனது.

இன்னொன்றும் கவனித்தேன். நம் மட்டைக்கு இடது பக்கம் மட்டும்தான் தட்டையாக இருக்கும். அந்தப் பக்கத்தால் மட்டும்தான் அடிக்கலாம், இடதுகை மட்டை என்பதே கிடையாது. இங்கே மட்டையின் இரண்டு பக்கத்தாலும் அடிக்கிறார்கள். சிலருடைய மட்டை ஒரு பக்கம் வளைந்திருக்கிறது, சிலருடையது மறுபக்கம். இடது கையைக் கீழே பிடித்து ஆடுகிறவர்களே இந்த அணியில் பாதிக்கு மேல். இதை யோசித்துக்கொண்டே இருந்தேன்.

என் பக்கத்தில் எழுபது வயதிருக்கும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பேரன் ஆடுகிறானாம். பெரிய தெர்மாஸ், முழங்கால் மேல் கம்பளி. நான் நடுங்குவதைப் பார்த்து, கேட்காமலே கம்பளியின் பாதியை என் பக்கம் தள்ளினார். தானும் சின்ன வயதில் செயின்ட் கில்டாவில் செயின்ட் மோரிட்ஸ் என்ற ரிங்கில் ஆடியவராம். 1939-இல் திறந்தது, எண்பதுகளின் தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். கிளாசியேரியத்தைப் பற்றிக் கேட்டேன். "என் அப்பா அங்கே விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் ஆட்டம் பார்த்திருக்கார். சிட்னிக்காரன் தோற்றால் அன்னிக்கு வீட்டுக்கு மீன் வாங்கி வருவார்" என்றார். கடலை மிட்டாய் கொடுத்தேன். இரண்டு எடுத்துக்கொண்டு, ஒன்றைப் பேரனுக்கென்று சட்டைப் பைக்குள் வைத்தார்.

அக்கா மகன் அணி தோற்றது. அவன் ஒரு முறை தலைகுப்புற விழுந்தான். எழுந்து மட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடினான். நான் பயிற்சி கொடுத்த பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் பார்ப்பேன். வீடு வந்து சேர இரவு ஒரு மணி.

ஜூலை 12, சனி. மெல்போர்ன் – ஆல்பரி – சிட்னி

இன்று உடம்பு ஓய்ந்துவிட்டது. ஆனால் மறக்க முடியாத நாள்.

மெல்போர்னிலிருந்து சிட்னிக்கு ரயில் பாதை 960 கிலோமீட்டர் அளவு, பதினோரு மணி நேரப் பயணம். விமானத்தில் ஒன்றரை மணி நேரம். அக்கா மகன் எவ்வளவோ சொன்னான். நான் ரயில்தான் என்று நின்றேன். காலை ஸ்டேஷனுக்குப் போனால் ஒரு அறிவிப்பு. ஆல்பரிக்கு அப்பால் தண்டவாளத்தில் வேலை நடக்கிறது, அங்கே எல்லோரும் இறங்கிப் பேருந்தில் மாற வேண்டும். முன்னாலேயே மின்னஞ்சல் அனுப்பியதாகச் சொன்னார்கள். எனக்கு வரவில்லை.

முதலில் எரிச்சலாக இருந்தது. பெட்டி 23 கிலோ. ஆனால் ஆல்பரி என்ற பெயரைக் கேட்டதும் அந்த எரிச்சல் போய்விட்டது. காரணம் இருக்கிறது.

விக்டோரியாவின் ரயில் பாதை 1600 மில்லிமீட்டர் அகலம். நியூ சவுத் வேல்ஸின் பாதை 1435 மில்லிமீட்டர். தனித்தனிக் குடியேற்றங்களாக இருந்த காலத்தில் ஆளுக்கொரு அளவில் போட்டுக்கொண்டார்கள். 1883-இல் இரண்டும் எல்லையில் உள்ள ஆல்பரியில் சந்தித்தபோது ஒரு வண்டி மறு பாதையில் ஓட முடியாது. ஆகவே இந்த இரண்டு நகரத்துக்கும் இடையே ரயிலில் போகிற எவரும், மந்திரியானாலும் மாலுமியானாலும், ஆல்பரியில் பெட்டி படுக்கையோடு இறங்கி அடுத்த வண்டிக்கு மாற வேண்டும். 1962-இல்தான் இறங்காமல் போக வழி வந்தது. எண்பது வருஷத்துக்கு ஒரு வருஷம்தான் குறைவு.

1909-இல் முதல் தொடர் நடந்தது மெல்போர்னில். சிட்னியில் 1907 ஜூலையில் கிளாசியேரியம் திறந்து இரண்டே வருஷம் ஆகியிருந்தது. அங்கிருந்து ஒரு அணி புறப்பட்டு வந்தது. விக்டோரியா ஜெயித்தது. அந்த நேரத்தில் இந்த இரண்டு ஊருக்கும் ஹாக்கியை விடப் பெரிய சண்டை ஒன்று இருந்தது. 1901-இல் மாநிலங்கள் ஒன்று சேர்ந்து ஒரே நாடானபோது தலைநகர் யாருக்கு என்று முடிவாகவில்லை. 1908-இல் இரண்டுக்கும் நடுவில் கான்பெராவைத் தேர்ந்தெடுத்தார்கள், ஆனால் 1927 வரை நாடாளுமன்றம் மெல்போர்னில்தான் கூடியது. அந்தச் சூட்டோடு சூடாகத்தான் இந்தத் தொடர் வந்தது. கொஞ்ச வருஷத்தில் விக்டோரியாவைச் சேர்ந்த ஜான் எட்வின் குடால் ஒரு கோப்பையைக் கொடுத்தார். ஒரு வருஷம் இவர்கள் ஊரில், ஒரு வருஷம் அவர்கள் ஊரில் என்று தொடர் வளர்ந்தது. இரண்டு உலகப்போர்களின்போதும் நின்றது, பிறகு திரும்ப எழுந்தது. உலகில் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கும் மிகப் பழைய ஐஸ் ஹாக்கிக் கோப்பைகளில் இதுவும் ஒன்று.

கோப்பையின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது, 1922-ஐயும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வருஷமே இரண்டு மாநிலப் பெண்களும் பனித்தளத்தில் மோதினார்கள். அவர்களுக்கு கௌவர் கோப்பை. நான் பள்ளியில் சேர்ந்த புதிதில் பெண் பிள்ளைகளை மாவட்டப் போட்டிக்கு வெளியூர் அழைத்துப் போக ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து கெஞ்சியிருக்கிறேன். அதற்கு அறுபது வருஷத்துக்கும் முன்னால் இந்தப் பெண்கள் எல்லை தாண்டிப் போய் ஆடியிருக்கிறார்கள். படித்த அன்று அந்தப் பக்கத்தை அச்செடுத்து என் டைரியில் ஒட்டிக்கொண்டேன்.

ஆல்பரி நடைமேடை 450 மீட்டருக்கு மேல் நீளம். இரண்டு வண்டியும் நிற்க வேண்டுமே. இந்த முனையிலிருந்து பார்த்தால் அந்த முனையில் நிற்கிற ஆள் விரல் அளவு. தூண்கள், மேலே வளைந்த இரும்பு வேலை, வெளியே மணிக்கூண்டோடு பழைய கட்டடம். மதிய வெயிலிலும் குளிர் கன்னத்தைக் கிள்ளியது. நான் பெட்டியை இழுத்துக்கொண்டு வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். நடுராத்திரியில் தூக்கக் கலக்கத்தோடு, ஒரு தோளில் ஸ்கேட், ஒரு தோளில் மட்டைக் கட்டு என்று இளவட்டங்கள் இதே சிமென்டில் குறுக்கே நடந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தோற்றுத் திரும்பும்போது இந்த நீளம் எப்படி இருந்திருக்கும்!

ஒரு இளைஞன் வந்து, "தூக்கித் தரட்டுமா?" என்று கேட்டு, நான் சரி என்ற பிறகுதான் பெட்டியைத் தொட்டான்.

பேருந்தில் ஆறரை மணி நேரம். பக்கத்து இருக்கையில் ஒரு மூதாட்டி, பின்னல் ஊசியோடு. கடலை மிட்டாயை நீட்டியதும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொட்டலத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். வேர்க்கடலை, வெல்லம். தனக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் பேருந்தில் யாருக்காவது கடலை ஒவ்வாமை இருக்கலாம் என்று சொல்லி, முன் இருக்கைக்காரரிடமும் பின் இருக்கைக்காரரிடமும் எழுந்து கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம்தான் வாயில் போட்டார். இப்படி ஒரு பழக்கம் நமக்கும் வர வேண்டும்.

வழியில் கண்டகாய் என்ற ஊர்ப் பக்கம் நிறுத்தினார்கள். உருளைக்கிழங்கு வறுவலும் தக்காளிச் சாறும் 9 டாலர், உப்புக்கு மேல் உப்பு. வெளியே புல்வெளியில் ஆடுகள், அதற்கு மேல் சாய்ந்த வெயில். ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. இறங்கும்போது ஒவ்வொருவராக ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்கள், தூங்கி எழுந்த சின்னப் பிள்ளை உட்பட.

சிட்னியில் என்னை அழைக்க என் மாணவி வந்திருந்தாள். இங்கே மருத்துவமனையில் செவிலியர். 1990-களில் என் அணியில் வலது முன்கள ஆட்டக்காரி. "டீச்சர்!" என்று நிலையம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள்.

ஜூலை 13, ஞாயிறு. சிட்னி

காலை பத்து வரை எழுந்திருக்கவே முடியவில்லை. முழங்கால் வீக்கம். அவள் தைலம் தேய்த்துவிட்டாள்.

இடியாப்பமும் சொதியும் சம்பலும் பக்கத்து ஈழத்துக் கடையிலிருந்து வந்தன. சொதியில் தேங்காய்ப்பால் நம்மைவிடக் கூடுதல், புளிப்புக்கு எலுமிச்சை. கொத்து ரொட்டி 18 டாலர், இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். கடைக்கார அண்ணன் என் பேச்சைக் கேட்டதும், "நீங்கள் திருநெல்வேலிப் பக்கமோ?" என்றார். கோவில்பட்டி என்றேன். ஒரு வடையைக் கூடுதலாக வைத்துக் கட்டினார்.

மதியத்துக்கு மேல் ஜார்ஜ் வீதி. சென்ட்ரல் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம், 849-ஆம் எண். சிட்னி கிளாசியேரியம் இருந்த இடம். குளிர்காலத்தில் பனித்தளம், வெயில்காலத்தில் அதே கட்டடத்தில் படம் காட்டினார்கள். 1955-இல் மூடியது. இப்போது சுற்றிலும் பல்கலைக்கழகக் கட்டடங்கள், தேநீர்க் கடைகள், அந்தக் கடைகளில் உட்கார்ந்து பாடம் எழுதும் பிள்ளைகள். மெல்போர்னைப் போலவே இங்கும் வெறும் எண்தான். என் மாணவிக்கு என்னைவிட ஏமாற்றம். "ஒரு பலகை வைக்க எவ்வளவு ஆகும் டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அங்கே நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்து நான் படித்து வைத்திருந்ததையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். சிட்னிக்காரர் கென்னத் கென்னடி 1936 குளிர்கால ஒலிம்பிக்கில் விரைவுச் சறுக்கில் கலந்துகொண்டவர், இந்த நாட்டின் முதல் குளிர்கால ஒலிம்பிக் வீரர். அவர் ஐஸ் ஹாக்கியும் ஆடியவர். 1960-இல் அமெரிக்காவின் ஸ்குவா வேலியில் நடந்த ஒலிம்பிக்குக்கு ஐஸ் ஹாக்கி அணியே போனது. அதுவரை கோப்பைக்காக ஒருவரையொருவர் பலகையில் மோதித் தள்ளியவர்கள் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டார்கள். ஆறு ஆட்டம், ஆறும் தோல்வி. செக்கோஸ்லோவாக்கியாவிடம் 18-1, பின்லாந்திடம் 19-2. மொத்தம் போட்டது 10 கோல், வாங்கியது 87. அதற்குப் பிறகு ஆஸ்திரேலிய ஐஸ் ஹாக்கி அணி ஒலிம்பிக்குக்குப் போனதில்லை.

அந்தப் பத்து கோலை நான் பெரிதாக நினைக்கிறேன். 14 கோல் வாங்கிய பிறகும் மைதானத்தின் நடுக்கோட்டுக்குத் திரும்பி வந்து நிற்பது என்னவென்று எனக்கும் அவளுக்கும் தெரியும். 1996-இல் ஒரு மாநிலப் போட்டியில் 11-0 என்று தோற்றோம். கடைசி நிமிஷம் வரை இவள் ஓடினாள். இன்று அதை ஞாபகப்படுத்தியதும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இங்கேயே வளர்ந்த நாதன் வாக்கர் 2017-இல் அமெரிக்க, கனடா அணிகள் ஆடும் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கில் முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டார். அந்த லீக்கில் ஆடிய முதல் ஆஸ்திரேலியர். அடுத்த வருஷம் அவருடைய வாஷிங்டன் அணி அந்த லீக்கின் ஸ்டான்லி கோப்பையை வென்றது. வேல்ஸில் பிறந்து சிறு வயதிலேயே சிட்னிக்கு வந்தவர். மின்சார வெளிச்சத்தில் குளிரூட்டிய தரையில் ஆடிப் பழகிய பிள்ளை!

மாலையில் மழை பிடித்துக்கொண்டது. குடை மெல்போர்னிலேயே போய்விட்டது. நனைந்துதான் வந்தோம்.

ஜூலை 14, திங்கள். சிட்னி

மெட்ரோவில் மக்குவாரி. ஓட்டுநர் இல்லாத ரயில். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பெரிய வணிக வளாகம், அதன் வயிற்றுக்குள் ஒரு முழு அளவு பனித்தளம். மேல்தளத்தில் நின்று நூடுல்ஸ் தின்றுகொண்டே கீழே பார்க்கலாம். 1981-இல் வளாகத்தோடு சேர்த்துத் திறந்தது. 2022 கடைசியில் இதை மூடப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. பெற்றோர்களும் பிள்ளைகளும் கையெழுத்து திரட்டினார்கள், பேசினார்கள், மூடும் முடிவு கைவிடப்பட்டது. இரண்டு கிளாசியேரியத்தையும் காப்பாற்ற ஆளில்லை. இதற்கு ஆள் இருந்திருக்கிறது.

பள்ளி விடுமுறை. தளம் முழுக்கப் பிள்ளைகள். சறுக்கத் தெரியாதவர்கள் பிடித்துக்கொள்ள பிளாஸ்டிக் பென்குயின் பொம்மைகள். பெரிய வண்டி ஒன்று தளத்தைச் சுற்றி வந்து பனியைச் சீவி, பின்னால் வெந்நீரை மெல்லிசாகப் பூசிக்கொண்டே போனது. அது போன தடம் கண்ணாடி. பிள்ளைகள் தடுப்பில் சாய்ந்து அது முடியக் காத்திருந்தார்கள், ஒருவரும் தள்ளவில்லை.

குடால் கோப்பை இப்போது தேசிய லீக்கில் ஜெயிக்கும் அணிக்குப் போகிறது. 2000-இல் தொடங்கிய லீக். மெல்போர்ன், சிட்னி மட்டும் இல்லை, கான்பெரா, நியூகாசில், அடிலெய்டு, பெர்த், பிரிஸ்பேன் என்று அணிகள். அதில் ஆடுகிற உள்ளூர்ப் பையன்களும் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் இல்லை. பகலில் தச்சு வேலை, வங்கி, படிப்பு. சனி ஞாயிறு இன்னொரு மாநிலத்தில் ஆட்டம், திங்கள் காலை திரும்ப வேலை. 1909-இல் வந்தவர்களும் அப்படித்தான். ஆல்பரியில் இறங்கி மாறும் வேலை மட்டும் இவர்களுக்கு இல்லை.

ரிங்கின் ஓரத்தில் ஒரு சின்னக் கடை. ஸ்கேட், தலைக்கவசம், மட்டைகள். மட்டைகளை இரண்டு வரிசையாக நிறுத்தியிருந்தார்கள், வலது வளைவு ஒரு பக்கம், இடது வளைவு ஒரு பக்கம். கடைப் பெண், "எது வேணும்னு தெரியாட்டி, சும்மா தரையைத் துடைக்கிற மாதிரி பிடிச்சுப் பாருங்க, கை தானா சொல்லும்" என்றார்.

என் மாணவி ஒன்றை எடுத்தாள். யோசிக்கவே இல்லை. வலது கை மேலே, இடது கை கீழே.

எனக்கு 1991 ஞாபகம் வந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளையாக முதல் நாள் மட்டையைக் கொடுத்தபோது அவள் இப்படித்தான் பிடித்தாள். இந்தப் பிடி செல்லாது என்று சொல்லி, கையை எடுத்து மாற்றி வைத்தேன். மறுநாளும் அதே பிடி, மறுநாளும் மாற்றினேன். மூன்று வாரம். நம் ஆட்டத்தில் அதற்கு வேறு வழி கிடையாது. அது தெரிந்துதான் செய்தேன். ஆனால் அந்த மூன்று வாரமும் அவள் அழுதாள் என்பதும் எனக்குத் தெரியும்.

"உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு டீச்சர்" என்றாள். மட்டையின் நுனியைத் தரையில் மெல்ல இப்படியும் அப்படியும் ஓட்டினாள். இல்லாத பந்தை இடமிருந்து வலம், வலமிருந்து இடம். தோள் இறங்கி, முழங்கால் மடங்கி, பதினைந்து வயதில் நின்ற அதே நிலை, கைகள் மட்டும் அவள் கைகள்.

விலை 89 டாலர். பணம் நான் கொடுத்தேன். வேண்டாம் வேண்டாம் என்றாள், விடவில்லை. பெரியவர்களுக்கான தொடக்க வகுப்பு எப்போது என்று கடைப் பெண்ணிடம் அவள் கேட்டுக்கொண்டிருந்தபோது, மீதி இருந்த கடலை மிட்டாயைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். வியாழக்கிழமை இரவு ஒன்பதரைக்கு வகுப்பாம். அவளுக்கு அன்று பகல் பணி.